அவர் அண்ணாந்து பார்த்தாரா?

கேள்விப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். முகங்களைப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத் தூங்கி எழுந்த முகங்களாகத்தான் இருக்கின்றன. சட்டசபை கூடட்டும், அப்புறம் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். சபையில் மேஜையைத் தட்டிப் பேசுகிற மெம்பரைக் கண்டு பயப்படாதீர்கள். அவர் தட்டுவார், மந்திரி ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார், சபை சிரிக்கும், மத்தியானச் சாப்பாட்டுக்குள் இரண்டு பேருமே மறந்துவிடுவார்கள். நீங்கள் பயப்பட வேண்டியது வாயே திறக்காத மெம்பரைக் கண்டு. அப்படி ஒருவர் எங்கள் இலாகாவைப் படாதபாடு படுத்தினார். அவரை நான் இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

யுத்தம் முடிந்து, மந்திரிசபை மறுபடி வந்திருந்த சமயம். அரிசிக்குக் கார்டு, சிமெண்டுக்குப் பர்மிட் என்று ஊரே வரிசையில் நின்றுகொண்டிருந்தது. நான் கோட்டையில் ஒரு இலாகாவில் குமாஸ்தா. இலாகாவின் பெயர் வேண்டாம், உங்களில் யாராவது இப்போது அங்கேதான் உட்கார்ந்திருப்பீர்கள்.

அப்போதும் இப்போது போலத்தான், கேள்வி இரண்டு வகை. நட்சத்திரம் போட்ட கேள்விக்கு மந்திரி எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். சொன்னதும் நாலு பக்கத்திலிருந்தும் துணைக் கேள்வி பாயும். நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்திலேயே பதில் கொடுத்துவிடலாம். அச்சடித்து மேஜைமேல் வைத்துவிட்டால் தீர்ந்தது. எங்கள் சூப்பரின்டென்டென்ட் கேள்வித்தாள் வந்ததும் நட்சத்திரம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். இருந்தால் தலைப்பாகையைக் கழற்றி வைப்பார். இல்லாவிட்டால் காப்பி வாங்கிவரச் சொல்வார்.

அவர் மயிலாப்பூர் மாடவீதிப் பக்கத்து மனிதர். மூடிய கோட்டு, நெற்றியில் விபூதி, கையில் எப்போதும் குடை. பதில் எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எல்லாம் இங்கிலீஷில்தான், நான் உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். "ஆம்", "இல்லை", "இக்கேள்வி எழவில்லை". இந்த மூன்றை வைத்துக்கொண்டே ஒரு கூட்டத்தொடர் முழுவதையும் ஓட்டிவிடுவார்.

நம்முடைய மெம்பர் மேல்சபைக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், தியாகராய நகரில் வீடு. பையன்களைப் பார்த்துக் கத்திக் கத்தியே தொண்டை போய்விட்டது. பேசினால் பக்கத்து நாற்காலிக்காரருக்கே கேட்காது. அதனால் சபையில் எழுந்திருக்கவே மாட்டார். எழுத்து மூலம் கேட்பதோடு சரி. காலையில் அடையாற்றுப் பக்கம் கடற்கரையில் நடக்கிற வழக்கம் அவருக்கு உண்டு என்று பின்னால்தான் எங்களுக்குத் தெரியவந்தது. முன்பே தெரிந்திருந்தால் ஜாக்கிரதையாக இருந்திருப்போம்.

அவருடைய முதல் கேள்வி சாதுவாகத்தான் வந்தது. அடையாறு கடலோரத்து மீனவர் குப்பத்துக்கு அரசாங்க மருத்துவச்சி உண்டா? உண்டானால் எங்கே வசிக்கிறார்?

நட்சத்திரம் இல்லை. காப்பி வந்தது. சூப்பரின்டென்டென்ட் ஃபைலைப் பார்த்தார். மருத்துவச்சி வேலைக்கு உத்தரவு இருந்தது. அவர் குடியிருக்க வீடு கட்ட உத்தரவு இருந்தது. வீடு கட்டி முடித்ததாகச் சான்று இருந்தது. ஒரு அம்மாளை நியமித்த உத்தரவும் இருந்தது. வேறென்ன வேண்டும்? "ஆம். குப்பத்தில் அதற்கென்றே கட்டப்பட்ட அரசாங்க ஜாகையில்." அண்டர் செக்ரடரி கையெழுத்துப் போட்டார், செக்ரடரி போட்டார், மந்திரி போட்டார். அச்சாகி மேஜைக்கும் போய்விட்டது.

"காப்பி ஆறறதுக்குள்ள ஒரு கேள்வியைத் தீர்த்துட்டோம், ஓய்" என்றார் சூப்பரின்டென்டென்ட்.

கவனியுங்கள். உத்தரவு ஆனது எல்லாம் உலகத்தில் இருக்கிறது என்று நினைப்பது நம் குமாஸ்தா ஜாதிக்கே உள்ள வியாதி. வெளியில் இருக்கிறவர்களுக்கு அது வருவதில்லை.

எங்கள் வீடு மயிலாப்பூரில், மாதா கோவில் மணி கேட்கிற தூரத்தில். நாங்கள் தலைமுறை தலைமுறையாக வேதக்காரக் குடும்பம், அதனால் வெள்ளிக்கிழமை என்றால் வீட்டில் மீன்தான். அந்தக் குப்பத்திலிருந்து கூடை தூக்கி வருகிற கன்னியம்மாதான் எங்களுக்கு வாடிக்கை. அந்த வெள்ளிக்கிழமை என் மனைவி மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் பெருமையாக, "உங்க குப்பத்துக்கு மருத்துவச்சி இருக்காங்கன்னு சபையிலேயே பதில் சொல்லியாச்சு" என்றேன்.

"இன்னா மருத்துவச்சி?" என்றாள் கன்னியம்மா.

"அரசாங்க வீட்டில இருக்காங்களே, அவங்கதான்."

"அந்த நர்சம்மாவா? போன மழைல கூரை பிச்சிக்கினு பூட்ச்சி நைனா. பாவம், கொடைய புட்ச்சிக்கினு ரெண்டு நாளு குந்திகினு இர்ந்திச்சி. அப்பால டவுன் ஆஸ்பத்திரிக்கே போய்ட்ச்சி. இப்போ அந்த வூட்ல வலைதான் காயுது."

அதோடு விட்டிருந்தால் எனக்கு அன்று மீன் இறங்கியிருக்கும். கூடையைத் தூக்கப் போனவள் நின்றாள்.

"எம் மருமவ பவுனுக்கு இது ஏழாம் மாசம். மொத தபா வலி எட்த்து, வண்டில போட்டு டவுனுக்கு இட்டுக்கினு போனோம். பாலத்தாண்டயே புள்ள பூட்ச்சி. அவளே பொழச்சது மாதா புண்ணியம். இந்த தபாவாச்சும் அந்த நர்சம்மா இங்கனயே இர்ந்தா தேவல. நீ கோட்டைலதானே கீற, சொல்லேன்."

மறுநாள் சூப்பரின்டென்டென்டிடம் சொன்னேன். தலைப்பாகையைக் கழற்றி வைத்தார்.

அச்சான பதிலைத் திருத்துவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது, கடவுள் உங்களைக் காப்பாற்றட்டும். சூப்பரின்டென்டென்ட் தப்பு என்று எழுத வேண்டும், அண்டர் செக்ரடரி ஆமாம் தப்பு என்று எழுத வேண்டும், செக்ரடரி எழுத வேண்டும், கடைசியில் மந்திரி சபையில் எழுந்து நின்று, நான் அன்றைக்குச் சொன்னது சரியல்ல என்று சொல்ல வேண்டும். அவர் அப்படிச் சொல்லிவிட்டு இலாகாவுக்குத் திரும்பி வரும்போது மற்ற மூவரில் யார் தாழ்வாரத்தில் எதிரே நிற்பது?

"எழுத்துக் கேள்விதானே, துணைக் கேள்வி கெடயாது. செத்த பேசாம இரும்" என்றார்.

இரண்டாவது கேள்வி வந்தது. மேற்படி பதிலில் கண்ட ஜாகைக்குக் கூரை உண்டா? உண்டானால் அது ஓடா, ஓலையா? இல்லையானால் மழை பெய்யும்போது மருத்துவச்சி எங்கே இருப்பார்?

"கூரை உண்டான்னு யாராவது கேப்பாளா?" என்று சூப்பரின்டென்டென்ட் என்னிடமே கேட்டார். அவருக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது. வீடு என்று ஒப்புக்கொண்ட பிறகு கூரையைத் தனியாகக் கேட்பது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

அண்டர் செக்ரடரி இளவயதுக்காரர், கெட்டிக்காரர். "தகவல் சேகரிக்கப்படுகிறது" என்று போடுங்கள் என்றார். நல்ல பதில், நீங்களும் போடுவீர்கள். ஆனால் சோப்பு மாதிரி, ஒவ்வொரு தரம் உபயோகிக்கும்போதும் தேயும்.

மூன்றாவது கேள்வி: மேற்படி தகவலைச் சேகரிக்கச் சென்ற அதிகாரி யார்? எந்தத் தேதியில் சென்றார்? ஜாகைக்குள் நுழைந்ததும் அவர் அண்ணாந்து பார்த்தாரா?

யாரும் போகவில்லை என்பதுதான் விஷயம். தகவல் தானாக வந்து சேரும் என்று காத்திருந்தோம்.

"கிளம்பும் ஓய்" என்றார் சூப்பரின்டென்டென்ட்.

பஸ் பிடித்து அடையாறு போய், அங்கிருந்து மணலில் நடந்தோம். மூடிய கோட்டோடும் குடையோடும் அவர் கருவாடு காய்கிற இடத்தைத் தாண்டியதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மூக்கை மூடினால் அவர்கள் தப்பாக நினைப்பார்கள் என்று மூடவில்லை. மூச்சையே நிறுத்திவிட்டார். கன்னியம்மா எங்களைப் பார்த்துவிட்டு வந்து வீட்டைக் காட்டினாள். உள்ளே போனோம். நாலு சுவர், ஈர வலைகள், ஒரு ஆடு. சூப்பரின்டென்டென்ட் நடுவில் நின்று சாவகாசமாக அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஆகாயம் நன்றாகத் தெரிந்தது.

"பாத்தாச்சு" என்றார். "இந்தப் பாகத்துக்கு 'ஆம்'னு போட்டுக்கலாம்."

வெளியே வந்தபோது பவுனு நின்றுகொண்டிருந்தாள். சின்னப் பெண். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எங்கள் இருவரில் குடை வைத்திருக்கிறவர்தான் பெரியவர் என்று கண்டுகொண்டு அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"சாமி, அந்த நர்சம்மா வருமா?"

ஆயிரம் மெம்பர்களுக்குப் பதில் எழுதிய மனிதர், தொண்டையைக் கனைத்தார், குடையை மணலில் ஊன்றினார், மறுபடி எடுத்தார். அந்தப் பெண் கண்ணை எடுக்காமல் நின்றாள். எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது.

"வருவா, குழந்தே" என்றார் கடைசியில். "நான் சொல்றேன், வருவா."

பஸ் நிற்குமிடம் வந்ததும், "ஓய், வாயால சொல்லிட்டேன். ஃபைலைப் பாக்காம சொல்லிட்டேன். இதைப் பொய்யாக்கப்படாது" என்றார்.

அதற்கப்புறம்தான் அவர் வேலை செய்கிற அழகைப் பார்த்தேன். நம் சர்க்காரில் ஒரு விசேஷம் உண்டு. பதிலைத் திருத்துவதைவிட உலகத்தைத் திருத்துவது எங்களுக்குச் சுலபம். கூரை ஃபைல் மழைக்காலத்திலிருந்து பொறியாளர் ஆபீசில் தூங்கிக்கொண்டிருந்தது. ஓடா ஓலையா என்று கேட்டு அவர்கள் எங்களுக்கு எழுத, அதை நீங்களே சொல்லுங்கள் என்று நாங்கள் அவர்களுக்கு எழுத, பத்திரமாக இருந்தது. சூப்பரின்டென்டென்ட் அந்த ஃபைலில் "சட்டசபைக் கேள்வி" என்று அச்சடித்த சிவப்புச் சீட்டைக் கட்டினார். மந்திரி சபைக்குச் சொன்ன பதில் மெய்யாக இருக்க வேண்டுமானால் கூரை உடனே தேவை என்று ஒரு குறிப்பு எழுதினார். அவ்வளவுதான். சிமெண்டுப் பர்மிட் வந்தது. ஓடு வந்தது. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத பொறியாளர் சைக்கிளில் வந்து வெயிலில் நின்றார். மூன்றாவது கேள்விக்குப் பதில் போனபோது, அதிகாரி அண்ணாந்து பார்த்தார், ஓடு வேயப்பட்டிருக்கிறது என்று நிமிர்ந்த தலையோடு எழுதினோம்.

மருத்துவச்சியைக் கூட்டிவர என்னை அனுப்பினார். அந்த டவுன் ஆஸ்பத்திரி மேட்ரன் எங்கள் மாதா கோவில் பங்கைச் சேர்ந்தவர், சின்ன வயதிலிருந்தே என்னைத் தெரியும்.

"இங்க ஆள் பத்தல தம்பி. மாத்து ஆள் அனுப்பு, அப்புறம் பேசலாம்" என்றார்.

சூப்பரின்டென்டென்ட் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். "அவங்க இங்க இல்லையே அம்மா. குப்பத்துல குடியிருக்காங்கன்னு மந்திரி பதில் அச்சாயிடுச்சு."

"அப்ப என் வார்டுல நிக்கிறது யாரு?"

"அது எங்களுக்கும் தெரியல. நீங்க ஒரு வரி எழுதிக் கொடுத்தீங்கன்னா, அடுத்த கேள்வி வரும்போது அதையே பதிலா வச்சுடுவோம்."

மேட்ரன் விரலை ஆட்டினார். "உங்க அம்மா கிட்ட சொல்றேன் இரு" என்றார். பிறகு, "சாயங்காலம் வந்து அழைச்சிட்டுப் போ" என்றார்.

அழைத்துக்கொண்டு போனேன். மருத்துவச்சி கனத்த சரீரம், கணீரென்ற குரல். வீட்டுக்கு முன்னால் நின்று கூரையைப் பார்த்தார், திருப்திதான். பிறகு, "கதவு எங்க?" என்றார்.

பார்த்தேன். கதவு இல்லை. நிலைகூட இல்லை. கூரையோடு போனதோ, யார் வீட்டு அடுப்புக்குப் போனதோ.

"நாய் வந்து என் பக்கத்துல படுத்துக்கவா? கதவு போடுங்க, அன்னிக்கே வரேன்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

சூப்பரின்டென்டென்டிடம் வந்து சொன்னேன்.

"அன்னிக்கு நாம எப்படி ஓய் உள்ள போனோம்?"

"நடந்துதான் சார் போனோம்."

"கதவைத் தெறந்துண்டா போனோம்?"

"இல்லை சார்."

"ரெண்டு பேரும் மேலயே பாத்துண்டு போயிருக்கோம்" என்றார்.

மெம்பர் கேட்டது கூரையை, நாங்கள் பார்த்ததும் கூரையை. கதவு இல்லாத வாசல் வழியாகவே நுழைந்து, கதவு இல்லாத வாசல் வழியாகவே வெளியே வந்து, அதைக் கவனிக்கவில்லை. கேட்டதை மட்டும் பார்த்துப் பார்த்து நம் கண் அப்படி ஆகிவிடுகிறது. உங்களுக்கும் ஆகும்.

கூரைக்கு வந்த உத்தரவில் கதவு கிடையாது. கதவுக்குப் புது ஃபைல், புதுத் தூக்கம். சிவப்புச் சீட்டு கட்டலாமென்றால், கேள்வியே வராத விஷயத்துக்கு அதைக் கட்டுவது பெரிய குற்றம். இதற்குள் கன்னியம்மா அடுத்த வெள்ளிக்கிழமை வந்து நின்றாள். பவுனுக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பது நடக்கிறது. கணவன் கடலுக்குப் போகவே பயப்படுகிறான். "வாசல நாங்க ஓலத் தட்டி வச்சி மறைக்கறோம் நைனா, வரச் சொல்லு" என்றாள். மருத்துவச்சியிடம் சொன்னேன். தட்டியை நாய் தள்ளுமா தள்ளாதா என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் சூப்பரின்டென்டென்ட் என்னிடம், "ஏன் ஓய், பனகல் பார்க்குக்கு எந்த பஸ் போறது?" என்று கேட்டார். மயிலாப்பூரைத் தாண்டி ஒரு கத்திரிக்காய் வாங்காத மனிதர். ஆத்துக்காரிக்குத் தியாகராய நகரில் ஏதோ வாங்க வேண்டுமாம். நான் பஸ் நம்பரைச் சொன்னேன்.

இரண்டு நாளில் கேள்வி வந்தது. மேற்படி ஜாகைக்குக் கதவு உண்டா? உண்டானால் அது மூடுமா? தாழ்ப்பாள் உட்புறமா, வெளிப்புறமா? கதவு, நிலை, தாழ்ப்பாள், பூட்டு ஆகியவற்றை ஒரே உத்தரவில் அனுமதிக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டா, அல்லது தனித்தனி உத்தரவு வேண்டுமா?

கடைசி வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனித்தனி உத்தரவு என்கிற தலைவலி ஒரு கணக்கு வாத்தியாருக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்வியின் நடை எங்கள் பிரிவின் நடை. நிறுத்தக்குறி முதற்கொண்டு எனக்குப் பழக்கம்.

"மெம்பருக்கு இதெல்லாம் எப்படி சார் தெரியறது?" என்றேன்.

"கணக்கு வாத்தியார் ஓய். படிப்படியாத்தான் போவார்" என்றார், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல்.

சிரிக்காதீர்கள். ஆபீஸ் விஷயத்தை மெம்பரிடம் கொண்டுபோனால் வேலை போய்விடும். சூப்பரின்டென்டென்டுக்குப் பென்ஷன் வாங்க இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது, கல்யாணத்துக்கு ஒரு பெண்ணும் இருந்தாள். அண்டர் செக்ரடரி அவரைக் கூப்பிட்டனுப்பினார். நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

"இந்தக் கேள்வி எப்படி வந்தது?" என்றார் அண்டர் செக்ரடரி.

"எழுத்து மூலமா வந்தது சார்."

அண்டர் செக்ரடரி கேள்வித்தாளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். கெட்டிக்காரர் என்று சொன்னேனே, அவருக்கு எங்கள் நடை தெரியாமலா இருக்கும்? பேனாவை எடுத்தார். "நாலையும் ஒரே உத்தரவில் போட்டுவிடுங்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிவப்புச் சீட்டோடு கதவு போயிற்று. தாழ்ப்பாள் உட்புறம். மருத்துவச்சி படுக்கையைச் சுருட்டிக்கொண்டு குடிவந்தார். வந்த வாரமே பவுனுக்கு வலி கண்டது. நல்ல பகலில், அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த ஓட்டுக் கூரையின் கீழே பெண் குழந்தை பிறந்தது. கன்னியம்மா அன்றைக்குக் கூடை எடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து சொல்லிவிட்டுப் போனாள். நான் ஆபீசுக்குப் போய்ச் சொன்னபோது சூப்பரின்டென்டென்ட் "சரி" என்றார். பிறகு எழுந்துபோய் வெகுநேரம் தாழ்வாரத்தில் நின்றார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். எனக்கும் அடக்க முடியவில்லை.

கூட்டத்தொடர் முடிவதற்குள் மெம்பரிடமிருந்து இன்னொரு கேள்வி: மேற்படி மருத்துவச்சி குப்பத்தில் இதுவரை எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறார்?

சூப்பரின்டென்டென்ட் தாமே பதில் எழுதினார். "ஒன்று. தாயும் சேயும் சௌக்கியம்."

இரண்டாவது வாக்கியத்தின் கீழே பென்சிலால் கோடு போட்டு, "இதைக் கேட்கவில்லையே" என்று செக்ரடரியிடமிருந்து ஃபைல் திரும்பி வந்தது. இவர் பேனாவை எடுத்து, "கேட்கவில்லை. ஆனால் உண்மை" என்று எழுதி மேலே அனுப்பினார். செக்ரடரி பேசாமல் மந்திரிக்கு அனுப்பிவிட்டார், மந்திரியும் கைவைக்கவில்லை. அப்படியே அச்சானது.

அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், வெள்ளிக்கிழமை கன்னியம்மாவிடம் தமிழில் படித்துக்காட்டினேன். முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை, கூரை, ஓடு, அண்ணாந்து பார்த்தது, கதவு, தாழ்ப்பாள் எல்லாம் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டாள்.

"இத்தையெல்லாம் அந்த வாத்தியாரு கேட்டு, நீ எழுதி, மந்திரி கையெளுத்துப் போட்டு, மிசின்ல அச்சடிச்சாங்களா?"

"ஆமாம்."

"ஏன் நைனா, நான் வாரா வாரம் இந்த வாசல்லதானே குந்திகினு கீறேன்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா மொத நாளே சொல்லிருப்பேனே" என்று சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிவிடச் சொன்னாள்.